முப்பது நாளில் ஒரு மொழிபெயர்ப்பு

சர்க்கார் கோப்புகளை மொழிபெயர்த்தே காலம் கழிக்கும் எனக்கு, டெட் வூல்ஸி என்னும் அமெரிக்கர்பால் தனிப் பரிவு உண்டு. 1994-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த 'பைனல் பேண்டசி' வீடியோ விளையாட்டின் ஆறாம் பாகத்தை ஆங்கிலமாக்க அவருக்குக் கிடைத்த அவகாசம் 30 நாட்களே. காலம் மட்டுமா குறைவு? ஜப்பானியர் இரண்டொரு எழுத்தில் அடக்கும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஏழெட்டு எழுத்து வேண்டும். விளையாட்டைத் தாங்கிய கேட்ரிட்ஜிலோ இடம் அளவானது. இரு மொழிகளுக்கிடையே வாழும் நேயர்கள் இச்சங்கடத்தை உணர்வீர்கள். உரையாடல்களை அவர் வெட்டிச் சுருக்க நேர்ந்தது.

இதன்மேல் நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளை விதித்த கட்டுப்பாடு வேறு: மதமும் ஆகாது, மதுவும் ஆகாது. புனிதம் எனப் பொருள்படும் 'ஹோலி' மந்திரம், முத்து என்னும் 'பெர்ல்' ஆயிற்று. மதுக்கடைப் பலகையில் 'கபே' என்று எழுதினர். காப்பிப் பிரியர்களான நமக்கு இம்மாற்றம் உவப்பானதே! முந்தைய ஐந்து பாகங்களில் இரண்டே அமெரிக்கா சென்றிருந்தமையால், ஆறாவது அங்கு 'மூன்றாவது' என விற்பனையாயிற்று.

ஆயினும் கொடியவன் கெப்காவின் வாயில், எதிரியை நீர்மூழ்கிக் கப்பற்காரனின் மகன் என்று ஏசும் விசித்திர வசவொன்றை வூல்ஸி வைத்தார். 2007-இல் அமெரிக்காவில் வெளிவந்த புதிய மொழிபெயர்ப்பு பலவற்றைத் திருத்தியது. அவ்வசவை மட்டும் தொடவில்லை.