பாகவதரின் சாரீரம்
திருச்சிராப்பள்ளியில் எஃப். ஜி. நடேச ஐயரின் ரசிக ரஞ்சன சபாவில் பாலகனாக, அரிச்சந்திரனின் மகன் லோகிதாசன் வேஷமிட்ட எம். கே. தியாகராஜ பாகவதர், ஒலிபெருக்கியின் துணையின்றிக் கடைசி வரிசைக்கும் எட்டுமாறு பாடவேண்டியிருந்த நாடக மேடை பண்படுத்திய அந்தச் சாரீரத்தையே தம் ஆஸ்தியாகக் கொண்டு, 1934இல் ‘பவளக்கொடி’ மூலம் திரையுலகில் பிரவேசித்தார். அவர் நடித்து 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’, சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆயின் அவ்வாண்டின் இறுதியிலேயே பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானமையால், கொட்டகையில் அந்தக் கண்டம் ஜனங்களை மெய்சிலிர்க்கவைத்த இரவுகளில், அதற்குரியவரோ சிறையில் இருந்தார் என்பதை நினைக்குந்தோறும் என் நெஞ்சு கனக்கிறது. மேல்முறையீட்டில் லண்டன் பிரிவி கவுன்சில் தலையிட்டபின், 1947இல் விடுதலையானார். அதன்பின் நடித்த படங்கள் சோபிக்கவில்லை. பாட்டை விடுத்து வசனத்தை விரும்பத் தொடங்கியிருந்தது ரசிகர் உள்ளம். 1959 நவம்பர் முதல் தேதி சென்னையில் காலமானார், வயது நாற்பத்தொன்பதே.