மூன்று பகடைகளில் ஒரு மனிதன்

மூன்று பகடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அருகில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும். மூன்றையும் ஒருசேர உருட்டி, விழுந்த எண்களைக் கூட்டி எழுதுங்கள். இவ்வாறு ஆறு முறை செய்யுங்கள். முதல் எண் உடல் வலிமை, இரண்டாவது அறிவுக்கூர்மை, மூன்றாவது விவேகம், நான்காவது உடலுரம், ஐந்தாவது சுறுசுறுப்பு, ஆறாவது பிறரைக் கவரும் ஆற்றல். உங்கள் தாளில் ஒரு மனிதன் பிறந்துவிட்டான்! 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தில் மாந்தர்கள் இப்படித்தான் பிறந்தார்கள்.

இது என்ன ஆட்டம் என்று கேட்கிறீர்களா? சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் நடுவர். "எதிரே இருண்ட குகை; உள்ளே ஏதோ உறுமுகிறது" என்று அவர் சூழ்நிலையை விவரிக்கிறார். மற்ற ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்கிறார்கள். விளைவு ஐயத்திற்குரியதாக இருந்தால் பகடை தீர்ப்புச் சொல்கிறது.

இதன் வேர்கள் போர்ப் பயிற்சியில் உள்ளன. 1824இல் பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், தம் தந்தை தொடங்கிய போர் விளையாட்டைச் செம்மைப்படுத்தி வெளியிட்டார். வரைபடத்தின்மீது படைகளைக் குறிக்கும் கட்டைகள் நகர்ந்தன. இழப்புகளைப் பகடை காட்டியது. நடுவர் முடிவு கூறினார். அதில் கட்டை என்றால் ஒரு படைப்பிரிவு. தனி மனிதனுக்கு அங்கே இடமில்லை.

தனி மனிதன் நுழைந்தது 1969இல். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் 'பிரவுன்ஸ்டைன்' என்ற ஆட்டத்தை நடத்தினார். நெப்போலியன் காலத்துக் கற்பனை ஊர் ஒன்றில், படைகளை நடத்துவதோடு நில்லாமல், நகரத் தலைவர் போன்ற தனி ஆட்களின் வேடத்தையும் ஆட்டக்காரர்கள் ஏற்றார்கள். அதில் கலந்துகொண்ட டேவ் ஆர்னெசன் இந்த எண்ணத்தைக் கற்பனை உலகங்களுக்குக் கொண்டு சென்றார். அவரும் விஸ்கான்சின் மாநிலத்து கேரி கைகாக்ஸும் சேர்ந்து உருவாக்கியதே 1974ஆம் ஆண்டு ஆட்டம். முதலில் அச்சிட்டவை 1000 பிரதிகள்.

ஏன் மூன்று பகடைகள்? இங்கேதான் கணிதம் வருகிறது. ஒரே பகடையில் 1 முதல் 6 வரை எல்லா எண்களுக்கும் சம வாய்ப்பு உண்டு. மூன்று பகடைகள் விழக்கூடிய வகைகள் 6 × 6 × 6 = 216. கூட்டுத்தொகை 18 வர ஒரே ஒரு வழிதான்; 3 வரவும் அப்படியே. ஆனால் 10 வர 27 வழிகள். 11 வரவும் 27 வழிகள். 9 முதல் 12 வரையுள்ள நான்கு எண்களுக்கு மட்டும் 104 வழிகள், அதாவது ஏறத்தாழப் பாதி. சாதாரண மனிதர் பலர், அசாதாரண மனிதர் மிகச் சிலர் என்ற மணி வடிவ வளைகோடு இது. இந்தக் கணக்கு புதியதன்று. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூன்று பகடைகளில் 9ஐவிட 10 ஏன் அடிக்கடி விழுகிறது என்ற கேள்விக்குக் கலிலியோ விடையளித்தார். 9க்கு 25 வழிகள், 10க்கு 27 வழிகள் என்று எண்ணிக் காட்டினார். வானத்தை நோக்கிய அதே கண்கள்தாம் பகடையையும் நோக்கின!

1974ஆம் ஆண்டு விதிப்படி பகடையை உருட்டுபவர் ஆட்டக்காரர்கூட அல்லர், நடுவரே உருட்டுவார். விழுந்ததை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். தலையெழுத்து என்று நாம் சொல்வதைப் போன்ற ஒன்று. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அன்றைய விதியில் வலிமை 18 உள்ள வீரனின் வாள்வெட்டும் வலிமை 9 உள்ள வீரனின் வாள்வெட்டும் ஒன்றே. முன்னவனுக்கு அனுபவப் புள்ளிகள் பத்து சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும்; அவ்வளவுதான். பிழைப்பதும் மடிவதும் பெரும்பாலும் ஆட்டக்காரரின் யோசனையைப் பொறுத்தே இருந்தன.

1975இல் வந்த துணை நூல் வலிமை எண்ணுக்குச் சண்டையில் பயன் தந்தது. எண்ணுக்கு மதிப்புக் கூடினால் பெரிய எண்ணுக்கு ஆசையும் கூடுமல்லவா? 1979இல் வெளியான நடுவர் கையேட்டில் புதிய வழிகள் வந்தன. அவற்றுள் ஒன்று, நான்கு பகடைகளை உருட்டி, மிகக் குறைந்ததை விட்டுவிடுவது. இதில் 18 விழும் வாய்ப்பு 1296க்கு 21. பழைய முறையைப்போல் மூன்றரை மடங்கு!

வேறு சிலர் பகடையையே விலக்கினார்கள். 1977இல் ஸ்டீவ் ஜாக்சன் வடிவமைத்த 'மெலீ' ஆட்டத்தில் மனிதப் பாத்திரத்துக்கு வலிமை 8, சுறுசுறுப்பு 8. மேலும் 8 புள்ளிகளை ஆட்டக்காரர் விரும்பியபடி பங்கிடலாம். ஒன்றில் கூட்டினால் மற்றதில் குறையும். 1981இல் வந்த 'சாம்பியன்ஸ்' இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பாத்திரத்துக்கு ஒரு குறையைச் சேர்த்தால், அதற்கு ஈடாகப் புள்ளிகள் கிடைத்தன. எங்கள் இயற்பியலின் ஆற்றல் அழியா விதி நினைவுக்கு வரவில்லையா? 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் டஞ்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸும் பகடை, புள்ளிப் பங்கீடு, அனைவருக்கும் பொதுவான ஆறு எண்கள் ஆகிய மூன்று வழிகளையும் வைத்தது.

பிறப்பில் கிடைப்பதா, நாம் தேர்ந்துகொள்வதா, எல்லோருக்கும் சமமாகத் தருவதா? ஒரு விளையாட்டு நாற்பது ஆண்டுகளாக விவாதித்த கேள்வி இது. தேர்வு முடிவு வரும் நாளில் என் மாணவர்கள் சிலர் தாளில் உள்ள எண்களையே தாங்கள் என்று நினைத்துத் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்கிறேன். அவர்களிடம் அந்த 1974ஆம் ஆண்டு வீரனைப் பற்றிச் சொல்வதுண்டு. நீங்கள் எழுதி வைத்த ஆறு எண்களை இப்போது மீண்டும் பாருங்கள். அவற்றில் சிறியது எது? அந்த மனிதனை வைத்துக்கொண்டே குகைக்குள் நுழையுங்கள். அடுத்து என்ன செய்வது என்பதை எந்தப் பகடையும் சொல்லாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.