மருந்து என்னும் சொல்: பொட்டாசியம் குளோரேட்டின் வரலாறு

சேர்வராயன் மலையில் மழைக்காலத்தில் ஈரம் புகாத இடம் அரிது. ஆயினும், காப்பித் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பிலும், மலையாளிப் பழங்குடி மக்களின் குடிசையிலும், ஒரு பொருளை மட்டும் ஈரம் அணுகாதவாறு காத்து வைப்பர். அது தீப்பெட்டி. சிவகாசியிலோ, கோவில்பட்டியிலோ, குடியாத்தத்திலோ செய்யப்பெற்று, சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டிற்கு ஏறிவரும் பெட்டி அது. அதன் ஒவ்வொரு குச்சியின் தலையிலும் ஓர் உப்பு உள்ளது. பொட்டாசியம் குளோரேட் என்பது அதன் பெயர். தொழிற்கூடத்தில் அப்பெயர் வழங்குவதில்லை. குச்சி முனையில் ஏற்றும் கலவையை 'மருந்து' என்றே கூறுவர். வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலரில் இவ்வுப்பின் வரலாற்றை எழுத நாம் முற்பட்டது, அந்த ஒரு சொல்லை முன்னிட்டே ஆகும்.

இவ்வுப்பு வெண்ணிறப் படிகம். தானாக எரியாது, பிற பொருள் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள் அடக்கி வைத்திருப்பது. இதனை மாங்கனீசு டை ஆக்சைடுடன் சூடாக்கி ஆக்சிஜன் தயாரிக்கும் முறையை நம் உயர்நிலைப் பள்ளிகளின் வேதியியல் பாடம் நெடுங்காலம் கற்பித்து வந்தது. அங்கே அது பெயரெழுதிய குப்பியில் இருக்கும். ஆசிரியர் அருகில் நிற்பார்.

பிரெஞ்சு வேதியியல் அறிஞர் பெர்த்தொலே என்பார் 1780-களில் குளோரின் வாயுவைப் பொட்டாசுக் காரத்தில் செலுத்தி இதனை ஆராய்ந்தார். துப்பாக்கி மருந்துக்கு வேண்டிய வெடியுப்பு அக்காலத்தில் பெரும்பாலும் நம் நாட்டின் பீகாரிலிருந்து ஆங்கிலேயர் கப்பல்களில் ஐரோப்பா சென்றது. வெடியுப்புக்கு மாற்றாக இப்புதிய உப்பைச் சேர்த்தால் வலிமை மிகும் என்று கருதி, 1788 அக்டோபரில் எசோன் என்னும் ஊரின் வெடிமருந்து ஆலையில் சோதனை நடத்தினர். லவாசியே, பெர்த்தொலே முதலிய அறிஞர்கள் காலை உணவுக்குச் சென்றிருந்த வேளையில் கலவை வெடித்தது. அருகிலிருந்த இருவர் மாண்டனர். கலவையின் இயல்பு முற்றும் அறியப்படாத காலத்தில் நேர்ந்த துன்பம் அது.

பின்னர் இவ்வுப்பு உண்மையிலேயே மருந்தாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் தொண்டைப் புண்ணுக்கும் வாய்ப் புண்ணுக்கும் இதனைக் கரைத்துக் கொப்பளிக்கச் செய்தனர், மாத்திரையாக வாயில் அடக்கிக்கொள்ளவும் கொடுத்தனர், பற்பசையிலும் சேர்த்தனர். இது தீங்கற்றது என்று மெய்ப்பிக்க விரும்பிய அமெரிக்க மருத்துவர் ஃபவுண்டன் என்பார், 1861-இல் ஓர் அவுன்சு அளவு உட்கொண்டு சில நாட்களில் உயிர் நீத்தார். இவ்வுப்பு மிகுதியாக உடலிற் சேரின், குருதியின் செந்நிறப் பொருள் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும், சிவப்பணுக்கள் சிதையும், சிறுநீரகம் செயலற்றுப்போகும். மருத்துவ உலகம் இதனை உணர்ந்து மெல்ல மெல்லக் கைவிட்டது.

இதன் நிலையான பயன் தீக்குச்சியிலேதான் அமைந்தது. 1827-இல் இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகரில் ஜான் வாக்கர் என்னும் மருந்து வணிகர் உரசினால் எரியும் குச்சிகளை விற்றார். அடுத்து வந்த வெண்பாஸ்பரசுக் குச்சிகள் தொழிலாளரின் தாடை எலும்பை அழுகச் செய்தன. 1888-இல் இலண்டன் தீப்பெட்டி ஆலைப் பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்து உலகின் கண்களைத் திறந்தனர். பெட்டியின் பக்கத்தில் செம்பாஸ்பரசும், குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் தனித்தனியே அமைந்த காப்புத் தீக்குச்சி சுவீடன் நாட்டில் வளர்ச்சி பெற்றது. இந்தியாவில் வெண்பாஸ்பரசுத் தீக்குச்சி 1913-இல் சட்டத்தால் விலக்கப்பட்டது.

1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று இத்தொழிலைக் கற்று வந்தனர். கோயில் நுழைவு மறுக்கப்பட்டு, 1899-இல் கலவரத் தீயையும் கண்ட ஒரு சமூகம், வணிகத்தாலும் கல்விச் சாலைகளாலும் உயர்ந்த வரலாறு நாம் போற்றத்தக்கது. ஆயினும் அத்தொழிலில் குச்சி அடுக்கியும், பெட்டி ஒட்டியும், மருந்தருகே நின்றும் உழைத்தோருள் பலர் நிலமற்ற ஏழையர். நம் மக்களும் அவருள் அடங்குவர். சிறுவர் சிறுமியர் எண்ணற்றோர். 1938-ஆம் ஆண்டுச் சட்டமே 12 வயது நிரம்பாதோரைத் தீப்பெட்டி, பட்டாசுப் பட்டறைகளில் அமர்த்தலாகாது என்றது. சட்டம் ஏட்டில் இருந்தது. குழந்தை பட்டறையில் இருந்தது.

1991-இல் சிவகாசியை அடுத்த மீனம்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 39 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் அதனைத் தானே கருத்திற் கொண்டது. 1996 டிசம்பர் 10-ஆம் நாள் அளித்த தீர்ப்பில், வேலைக்கு அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்தவேண்டும் என்றும், குழந்தையின் இடம் பள்ளியே என்றும் வகுத்தது.

பொட்டாசியம் குளோரேட்டுடன் கந்தகம் சேர்ந்தால், சிறு உராய்வே வெடிப்புக்குப் போதுமானது. இங்கிலாந்து 1894-இலேயே அத்தகைய வெடிபொருட் கலவையைத் தடை செய்தது. இந்திய அரசின் 1992 ஜனவரி 27-ஆம் நாள் அறிவிக்கையும் அதனை விலக்கி, தீக்குச்சித் தலை போன்ற சிலவற்றுக்கு மட்டும் இடமளித்தது. வெடிமருந்துத் தொழிலின் இடர் தென்பாண்டிச் சீமைக்கு மட்டும் உரியதன்று. 2023 ஜூன் முதல் நாள், நம் மலையடிவாரச் சேலத்தை அடுத்த சர்க்கார் கொல்லப்பட்டியில் பட்டாசுக் கூடம் வெடித்து மூவர் உயிரிழந்ததை நாம் மறத்தலாகாது.

எசோனில் மாண்டோர் காலத்தில் அவ்வுப்பின் தன்மையை உலகம் முழுதும் அறியாதிருந்தது. மீனம்பட்டியில் மாண்டோர் காலத்திலோ உலகம் அனைத்தும் அறிந்திருந்தது; அவ்வறிவு மருந்தைக் கையாண்டவரிடம் சேர்ப்பிக்கப்படவில்லை. நாம் காணும் வேறுபாடு இதுவே. ஒரே உப்பு, பள்ளி மேசையருகே நின்ற குழந்தைக்கு அது ஆக்சிஜன் தந்தது, பட்டறையில் அமர்ந்த குழந்தைக்கு அது 'மருந்து' என்னும் பெயருக்குள் மறைந்து நின்றது. நம் சங்கம் 25 ஆண்டுகளாகச் செய்துவரும் பணி, ஒரு குழந்தையை அந்தப் பட்டறையிலிருந்து இந்த மேசைக்கு அழைத்து வருவதேயாகும். கையில் எடுக்கும் பொருளின் பெயரையும் குணத்தையும் அறிந்தவனை எவரும் எளிதில் இடரில் தள்ள இயலாது. தோட்டக் குடியிருப்பிலிருந்தும் மலைச் சிற்றூரிலிருந்தும் ஒரு பிள்ளையேனும் படிப்பை இடையில் நிறுத்திப் பட்டறைக்கு இறங்காமல் காப்பதே, இவ்விழாவில் நாம் மேற்கொள்ள வேண்டிய உறுதி.