மல்லித்தூளும் கதிர்வீச்சும்: முப்பது வருடப் பாடத்துக்கு ஒரு திருத்தம்



போன வாரம் அமெரிக்காவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், கடையில் வாங்கிய மல்லித்தூள் பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். வட்டத்துக்குள் பச்சைச் செடி போல ஒரு முத்திரை. பக்கத்தில் கதிர்வீச்சால் பதப்படுத்தியது என்ற குறிப்பு. "சார், இது விஷம்னு ஏழாம் வகுப்பில் நீங்கதானே சொன்னீங்க? பிள்ளைக்கு ரசத்தில் போடலாமா?" என்று கேட்டிருந்தார்.

சொன்னது நான்தான். 1994-இல் வெங்காயம், உருளைக்கிழங்கு, மசாலாப் பொருள்களைக் கதிர்வீச்சால் பதப்படுத்த மத்திய அரசு அனுமதித்தது. செய்தித்தாளில் அதைப் பார்த்துவிட்டு, ஆலங்குடிப் பக்கத்துப் பள்ளியில் கரும்பலகையில் அணுகுண்டு வரைந்து பாடம் நடத்தினேன். மனதில் இருந்தது ஹிரோஷிமா பயம். விசாரித்துப் பார்க்கவில்லை.

இதன் வரலாறு இதுதான். 1957-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் முதன்முதலாக வணிக அளவில் மசாலாவுக்குத்தான் இதைச் செய்தார்கள். 1959-இல் அந்நாட்டுச் சட்டம் தடுத்துவிட்டது. நம் நாட்டில் மும்பை டிராம்பேயில் 1967-இல் ஆய்வுக்கூடம் வந்தது. 1975-இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார், புதிதாகக் கதிர்வீச்சு பட்ட கோதுமையைச் சாப்பிட்ட, சத்துக்குறைவான குழந்தைகளின் ரத்த அணுக்களில் மாறுதல் கண்டதாக எழுதினார்கள். பெரிய சர்ச்சை. அரசு நியமித்த நிபுணர்கள் கேசவன், சுகாத்மே இருவரும் தரவுகளை ஆராய்ந்து, அவை அந்த முடிவுக்குப் போதாது என்றார்கள். 1980-இல் ஐ.நா. அமைப்புகளின் நிபுணர் குழு, 10 கிலோகிரே அளவு வரை ஆபத்து இல்லை என்றது. 2000-இல் நவி மும்பை வாஷியில் மசாலாவுக்கும், 2002-இல் நாசிக் அருகே லாசல்காவில் வெங்காயத்துக்கும் ஆலைகள் வந்தன.

கோபால்ட்-60 தரும் காமாக் கதிர் பொருளை ஊடுருவிப் போகிறது. கிருமியும் பூச்சி முட்டையும் சாகின்றன. மொட்டை மாடியில் காயும் மிளகாயில் வெயில் தங்கிவிடுவதில்லை அல்லவா, அதுபோல உணவிலும் கதிர் தங்காது. ஆனால் பூஞ்சை ஏற்கெனவே உண்டாக்கிய நஞ்சை இது நீக்காது. ஈரம் பட்ட மல்லியைப் பிறகு கதிரில் காட்டிப் பயனில்லை. களத்திலேயே நன்றாகக் காய வேண்டும்.

மாற்று வழியும் சுத்தமில்லை. எத்திலீன் ஆக்சைடு வாயுவால் புகையூட்டுவார்கள். உடலுக்குக் கேடு என்று 1991-இல் ஐரோப்பா அதைத் தடை செய்தது. நீராவி காட்டினால் வாசனை போகும்.

அப்படியானால் மல்லியின் சத்து? செல்களைக் காக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. காய்ந்த மூலிகை இலைகளில் வைட்டமின் சி-யும் கரோட்டினாய்டுகளும் குறைவதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் 1998-இல் டிராம்பே விஞ்ஞானிகள் கிராம்பையும் ஜாதிக்காயையும் 10 கிலோகிரேயில் சோதித்தபோது, டானின்கள் உடைந்து காலிக் அமிலம் போன்ற பீனால் அமிலங்கள் கூடியிருந்தன. ஒரு பக்கம் கொஞ்சம் இழப்பு, இன்னொரு பக்கம் கொஞ்சம் வரவு. வைட்டமின் சி-க்காக யாரும் மல்லித்தூள் சாப்பிடுவதில்லை. ரசத்தை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால் போதும்.

ஆகவே தம்பி, தாராளமாகப் போடு. முத்திரையைப் பார்த்துத் தெரிந்துகொண்டு வாங்குவது உன் உரிமை, அதை விட்டுவிடாதே.

அன்று என் வகுப்பில் இருந்த மற்றவர்களும் இதைப் படித்தால், பழைய நோட்டில் அந்தப் பக்கத்தை அடித்துவிடுங்கள். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னது என் தவறு. மன்னியுங்கள். உங்கள் பிள்ளைகள் கேட்டால், விசாரித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், புதுக்கோட்டை