மார்பு நிணநாளக் கசிவு: இதய அறுவைச் சிகிச்சைச் சிக்கல் ஒன்றின் வரலாறு

முன்னுரை

இதய அறுவைச் சிகிச்சைக்குப்பின் மார்பில் பொருத்தப்படும் வடிகுழாயில் அரிதாகப் பால் போன்ற நீர் வடிவதுண்டு. இது குடலிலிருந்து கொழுப்பைச் சுமந்துவரும் நிணநீராகும். மார்பு நிணநாளமோ அதன் கிளைகளோ காயமுறுவதாலும், மேற்பெருஞ்சிரையில் அழுத்தம் மிகுவதாலும் தோன்றும் இச்சிக்கல் கைலோதோராக்ஸ் எனப்படும். பெரியோரைவிடக் குழந்தைகளிடம் இது மிகுதி. நிணநீரின் போக்கை அறிந்ததே இதற்கான மருத்துவத்தை வளர்த்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நாளத்தின் கண்டுபிடிப்பு

1622-இல் இத்தாலியின் காஸ்பரே அசெல்லி, உணவுண்ட நாயின் குடல்தாங்கியில் வெண்ணிற நாளங்களைக் கண்டார். அவை கல்லீரலைச் சென்றடைவதாக அவர் கருதினார். பிரான்சின் ழான் பெக்கே 1651-இல் வெளியிட்ட நூல் இக்கருத்தை மறுத்தது. அந்நீர் மார்பு நிணநாளத்தின் வழியே மேலேறிக் கழுத்தருகிலுள்ள சிரைகளில் கலக்கிறது என்று அவர் காட்டினார். கல்லீரலே உணவைக் குருதியாக்குகிறது என்ற கேலனின் கொள்கை இதனால் வலுவிழந்தது.

கசிவும் இழப்பும்

தேங்கும் நிணநீர் நுரையீரலை அழுத்துகிறது. அதனை வடித்தெடுத்தாலோ கொழுப்பும் புரதமும் நிணவணுக்களும் உடலைவிட்டு நீங்குகின்றன. வடிப்பதையே பெரிதும் நம்பியிருந்த காலத்தில் நோயுற்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர். 1936-இல் ஆல்ஃபிரட் பிளேலாக்கும் உடனாய்வாளர்களும் மேற்பெருஞ்சிரையை அடைத்து, ஆய்வு விலங்குகளில் கைலோதோராக்ஸைத் தோற்றுவித்தனர். 1944-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நீலக்குழந்தைகளுக்கான அறுவையைத் தொடங்கியவரும் பிளேலாக்கே. அவ்வறுவைக்குப் பின்னரும் கைலோதோராக்ஸ் நேரக்கூடும் என்பது பிற்கால அனுபவம்.

மருத்துவத்தின் திருப்பங்கள்

1948-இல் லாம்ப்சன், மார்பு நிணநாளத்தையே கட்டிக் கசிவை நிறுத்தியதை வெளியிட்டார். முதன்மை நாளம் அடைபட்டாலும் கிளைவழிகளும் நிணநாள-சிரை இணைப்புகளும் ஓட்டத்தை ஏற்கின்றன. ஆதலின் இம்முறை இயன்றது. 1964-இல் ஹாஷிம் குழுவினர் நடுநீளச் சங்கிலிக் கொழுப்பைக் கொண்ட உணவுமுறையை எடுத்துரைத்தனர். இக்கொழுப்பு பெரும்பாலும் நிணநாளத்தைத் தவிர்த்துக் கல்லீரல் வாயிற்சிரையில் சேர்வதால் கசிவு குறைகிறது. 1998-இல் கான்ஸ்டன்டின் கோப், மார்பைத் திறவாமல் வயிற்றின் வழியே நுண்குழாய் செலுத்திக் கசிவுக்கு மருத்துவம் செய்யும் முறையை வெளியிட்டார்.

முடிவுரை

கிழிந்த இடத்தைத் தேடித் தைப்பதைவிட, ஓட்டத்தை நிறுத்துவதும் வேறு வழிக்குத் திருப்புவதுமே இச்சிக்கலுக்குப் பெரிதும் தீர்வாயின. குடற்கொழுப்பு கல்லீரலை அடைவதாக அசெல்லி கொண்டது பிழை. எனினும் அவ்வழியே செல்லும் கொழுப்பு ஒன்று, மூன்று நூற்றாண்டுகளுக்குப்பின் மருந்தாயிற்று. உடலியங்கியல் அறிவின்றி அறுவைத்திறன் மட்டும் இத்தீர்வுகளை ஈட்டியிராது என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது.