வாக்குச்சீட்டின் கதை – 17: மெத்தைக்கு அடியில் மாநில முத்திரை

கட்சி வேட்பாளரை மொத்த ஓட்டால் அல்லாமல், கவுண்டிக்குக் கவுண்டி ஒதுக்கிய யூனிட்டால் தேர்ந்தெடுத்த ஜார்ஜியாவின் கவுண்டி யூனிட் கணக்கைப் போன வாரமே பார்த்துவிட்டோம். 159 கவுண்டிகளில் பெரியவை எட்டுக்குத் தலா ஆறு யூனிட், அடுத்த முப்பதுக்கு நான்கு, மிச்சமுள்ள 121-க்கும் இரண்டிரண்டு. மாநிலக் கீழ்ச் சபை இடங்கள் அதில் சரிபாதி. 1960-ல் 1,876 பேர் வாழ்ந்த எக்கோல்ஸுக்கு இரண்டு யூனிட். அட்லாண்டா நகரம் இருக்கிற, ஐந்தரை லட்சம் பேர் வாழ்ந்த ஃபுல்டனுக்கு ஆறே ஆறு. இந்த அநியாயத்துக்கு 1963-ல் சாவுமணி அடித்த தீர்ப்புதான் இந்த வாரம் வரவேண்டியது. ஆனால் இந்தக் கணக்கின் தயவில் ஜெயித்த அரசியல்வாதி யூஜீன் டால்மேஜைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

சிவப்பு சஸ்பெண்டர் மாட்டிக்கொண்டு மேடையேறுவார். டிராம் ஓடுகிற கவுண்டியின் ஓட்டே தனக்கு வேண்டாம் என்பார். வாய்ச்சவடால் இல்லை, சுத்தமான கணக்கு. கறுப்பர்களை ஓட்டுச்சாவடிப் பக்கம் விடமாட்டேன் என்பதே 1946-ல் அவருடைய பிரசாரம். இந்த மனிதரை வேடிக்கை மனிதர் என்று எழுதுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அந்த ஆண்டு கட்சி வேட்பாளர் தேர்தலில் ஜேம்ஸ் கார்மைக்கேல் ஏறத்தாழ 16,000 ஓட்டு அதிகம் வாங்கினார். யூனிட்டில்? டால்மேஜுக்கு 242, கார்மைக்கேலுக்கு 146!

பொதுத்தேர்தலில் எதிர்க்க ஆளில்லை. கவர்னர் நாற்காலி உறுதி. ஆனால் டிசம்பர் 21-ம் தேதி டால்மேஜ் கண்ணை மூடிவிட்டார்.

அவர் உடல்நிலை தெரிந்த ஆதரவாளர்கள் சிலர் சீட்டில் மகன் ஹெர்மன் பெயரைக் கையால் எழுதிப் போட்டிருந்தார்கள். அடுத்த நிலையில் இருக்கும் இருவரில் ஒருவரைச் சட்டசபை தேர்ந்தெடுக்கலாம் என்று வாதம் கிளம்பியது. கையால் எழுதப்பட்ட பெயர்களை எண்ணினால் கார்மைக்கேல் 669, பவர்ஸ் என்ற இன்னொருவர் 637, ஹெர்மன் 617. மூன்றாம் இடம்! உடனே டால்மேஜின் சொந்தக் கவுண்டியான டெல்ஃபேரில் 58 ஓட்டுகள் ‘கண்டெடுக்கப்பட்டன’. ஹெர்மன் 675. செத்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் அகர வரிசையில் வந்து ஓட்டுப் போட்டிருந்தார்கள். பின்னால் இதைத் தோண்டியெடுத்த ‘அட்லாண்டா ஜர்னல்’ நிருபர் ஜார்ஜ் குட்வினுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

1947 ஜனவரி. கிராமக் கவுண்டிகளால் நிரம்பிய சட்டசபை 161-87 என்று ஹெர்மனைத் தேர்ந்தெடுத்தது. பழைய கவர்னர் எல்லிஸ் அர்னால் நகர மறுத்தார். ராத்திரியோடு ராத்திரியாக அவர் அலுவலகப் பூட்டை மாற்றினார்கள். மனிதர் தலைமைச் செயலகக் கூடத்திலிருந்த தகவல் கவுன்டரில் கடை விரித்தார். துணை கவர்னராகத் தேர்வான தாம்ப்சனோ, நான்தான் கவர்னர் என்றார். ஒரு நாற்காலி, மூன்று பேர்.

என்னுடைய கதாநாயகன் இந்த மூவரில் இல்லை. மாநிலச் செயலாளர் பென் ஃபோர்ட்சன், சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். மாநில முத்திரையை நாற்காலி மெத்தைக்கு அடியில் ஒளித்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். முத்திரை இல்லாமல் எந்த கவர்னரின் கையெழுத்து செல்லும்? மார்ச் 19-ல் மாநில உச்ச நீதிமன்றம் தாம்ப்சன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1948 சிறப்புத் தேர்தலில் ஜெயித்து ஹெர்மன் அதே நாற்காலிக்குத் திரும்பினார் என்பது வேறு விஷயம்.

58 கள்ள ஓட்டைப் பார்த்து ஊர் சிரித்தது. அட்லாண்டாவின் லட்சக்கணக்கான ஓட்டுகளைச் சட்டப்படியே மழுங்கடித்த கணக்கை எதிர்த்து 1950-ல் வழக்குப் போனபோது, அமெரிக்க உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. பதின்மூன்றே ஆண்டில் அதே நீதிமன்றம் 8-1 என்று மாறியது எப்படி? அடுத்த வாரம்.

(தொடரும்)