குப்பைத்தொட்டியிலிருந்து மீண்ட மதுவம்

1893ஆம் ஆண்டு போல் லிண்ட்னர் என்ற ஜேர்மனியர், கிழக்கு ஆபிரிக்கத் தினைப் பியரிலிருந்து புதியதொரு மதுவத்தைக் கண்டு விபரித்தார். சுவாகிலி மொழியில் பியருக்குப் 'பொம்பே' என்று பெயர். அதுவே அம்மதுவத்தின் பெயரிலும் ஒட்டிக்கொண்டது. பாண் மாவைப் பொங்கவைக்கும் மதுவம் அரும்புவிட்டுப் பெருகும். பொம்பே அவ்வாறன்று. சிறுகோல் போன்ற அதன் கலம் முனைகளில் நீண்டு, ஏறத்தாழ 14 மைக்ரோமீற்றரை எட்டியதும் நடுவே சுவரெழுப்பி இரண்டாகப் பிரியும்.

எப்போது பிரிவதென்று அக்கலத்துக்குச் சொல்வது யார்? 1970களின் நடுப்பகுதியில் எடின்பரோவில், மேர்டொக் மிற்சிசனின் ஆய்வுகூடத்தில் இக்கேள்வியோடு அமர்ந்தவர் போல் நேர்ஸ். (பாடசாலையில் பிரெஞ்சுப் பரீட்சையில் திரும்பத் திரும்பத் தோற்றதனால் பல்கலைக்கழகக் கதவு திறவாமல், மதுவடிசாலை ஆய்வுகூடமொன்றில் உதவியாளராக இருந்தவர் இவர். பெறுபேற்றுத் தாளைக்கொண்டு பிள்ளைகளை அளக்கும் நம் பெற்றோர் கவனிப்பார்களாக.)

இயல்பான நீளத்தின் பாதியிலேயே பிரிந்துவிடும் குட்டைக் கலங்கள் சில அவர் கண்ணிற் பட்டன. ஸ்கொட்லாந்தினர் சிறியதை 'வீ' என்பர். காரணமான பரம்பரையலகுக்கு 'வீ1' என்று பெயரிட்டார். பின்னர் அத்தகைய விகாரங்களை ஐம்பது வரை தேடிச் சேர்த்தார். ஏறக்குறைய அனைத்தும் அதே வீ1 தான். ஒரு மழைநாளில், பூஞ்சணம் பிடித்த வளர்ப்புத் தட்டொன்றைச் சலிப்போடு குப்பையில் எறிந்துவிட்டு வீடு சென்றவர், மனம் உறுத்தவே திரும்பி வந்து அதை எடுத்தார்.

அத்தட்டில் இருந்தது வேறு பரம்பரையலகு: சிடிசி2. அது பழுதானால் கலம் பிரியாமல் நீண்டுகொண்டே போகும் என்பது ஏலவே தெரிந்திருந்தது. இப்போது அதே பரம்பரையலகின் இன்னொரு மாற்றம் கலத்தை அவசரப்படுத்துகிறது! சக்கரம் கழன்றால் வண்டி நிற்கும். ஆனால் வேகமாக ஓடாது. நிறுத்தவும் விரைவுபடுத்தவும் வல்லது கடிவாளமாகவே இருக்கவேண்டும்.

சிடிசி2 இன் புரதம் ஒரு கைனேஸ், அதாவது பிற புரதங்களில் பொஸ்பேற்றை ஒட்டி அவற்றின் தொழிலை மாற்றும் நொதியம் என்பது 1980களில் தெளிவாயிற்று. வீ1 உம் ஒரு கைனேஸே. அது சிடிசி2 மீது பொஸ்பேற்றை ஒட்டி அடக்கி வைக்கிறது; அத்தடை இல்லாத கலமே குட்டையிற் பிரிகிறது. 1987இல் இலண்டனில் மெலனி லீயும் நேர்ஸும், சிடிசி2 பழுதான மதுவத்துக்குள் மனிதப் பரம்பரையலகுகளைச் செலுத்தினர். அவற்றுள் ஒன்று மதுவத்தைப் பிழைக்கவைத்தது. நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகப் பிரிந்து வந்த இரு உயிர்களுக்கு ஒரே கடிவாளம்! புற்றுநோய் ஆய்வாளர் அதன்பின் மதுவத்தை அலட்சியம் செய்யவில்லை. அமெரிக்காவில் அரும்பு மதுவத்தை ஆராய்ந்த லீலண்ட் ஹார்ட்வெல்லுடனும், ரிம் ஹன்றுடனும் நேர்ஸ் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கலம் தன் நீளத்தை எப்படி அறிகிறது என்ற கேள்வி மிஞ்சியது. 2009இல் வெளியான இரு ஆய்வுகள் பொம்1 என்ற இன்னொரு கைனேஸைச் சுட்டின. அது முனைகளில் செறிந்தும் நடுவில் அருகியும் இருக்கும். கலம் நீள நீள நடுப்பகுதியில் அதன் பிடி தளர்ந்து பிரிவுக்கு வழிவிடும் என்றனர். அழகான விளக்கம். ஆனால் பொம்1 அற்ற கலங்களும், சுவரை இடம்மாறி எழுப்பினாலும், தம் அளவைக் கணிக்கின்றன என்று 2013இல் நேர்ஸின் ஆய்வுகூடமே காட்டியது. நீளத்தையன்றி மேற்பரப்பையே கலம் அளக்கிறது என்று வேறு சிலர் பின்னர் வாதிட்டனர்.